கற்பூரவல்லி வளர்ப்போம்!



கற்பூரவல்லியை ஓமவல்லி என்றும் சொல்வார்கள். துளசி, புதினா, வெளிநாட்டு லாவண்டர் எல்லாம் இதற்குச் சொந்தக்காரங்கதான். எல்லாமே லாமியேசி குடும்பம். இலைகள் எதிரெதிராக இருக்கும்.

எங்க வீட்டுச் செடி தாத்தா வைத்தது. தம்பிக்குச் சளி பிடித்தால் அம்மா அதன் இலையைத்தான் பறிப்பாங்க. தாத்தா இறந்த பிறகு நான் அதை ஓட்டையில்லாத வாளிக்கு மாற்றி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். தண்டு கறுத்து அழுகிப்போச்சு. அழுதுட்டேன்.

"இலையிலேயே தண்ணி வச்சிருக்கிற செடி புள்ள, நீ மூழ்கடிச்சிட்டியே" என்றார் அப்பாயி. பச்சையாக இருந்த ஒரு நுனியைக் கிள்ளித் தந்தார். அது பிழைத்துவிட்டது!

வளர்க்கும் முறை:

1. தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும்.
2. செம்மண், மணல், மக்கிய எரு கலக்கவும்.
3. ஒரு சாண் கொப்பில் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நடவும். விதை தேவையில்லை.
4. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றவும்.
5. காலை வெயில் படும் இடத்தில் வைக்கவும்.
6. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைக்கும்.

தாத்தா செடி இப்போ தொட்டி நிறைய இருக்கு. கொப்பு வேண்டுவோர் என்னிடம் கேளுங்கள். முதலில் வாளியில் ஓட்டை போட்டுட்டு வாங்க!



– 9-ஆம் வகுப்பு மாணவி