மலையேறும் ஜீப்பும் மாற்று எஞ்சினும்

மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடங்கிக் கிடப்பதன்று. அது பட்டறையிலும் உண்டு, பாதையிலும் உண்டு. என் தந்தையார் போடியிலிருந்து மலைமேல் உள்ள ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் கல்விக்கும் வீட்டு அடுப்புக்கும் அந்த ஒரு வண்டியே ஆதாரம். சென்ற ஆண்டு அதன் எஞ்சின் ஓய்ந்தது. புது வண்டி வாங்கும் வசதி எங்களுக்கில்லை. புதுப்பித்த எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றுவதென முடிவாயிற்று. அப்போது நான் கண்டவற்றையும், வகுப்பில் பயின்ற வெப்ப இயக்கவியலோடு அவை பொருந்திய விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஜீப்பும் அதன் இதயமும்

இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப், 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தாரால் இணைத்துக் கட்டப்பட்டு நம் நாட்டுக்கு அறிமுகமாயிற்று. எஞ்சினை மாற்றினால் வண்டியின் முகமே மாறும் என்பதற்கு அதன் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1953-இல் உள்வால்வை ஹெட்டிலும் வெளிவால்வை பிளாக்கிலும் கொண்ட 'ஹரிக்கேன்' எஞ்சினைப் பொருத்தினார்கள். அது முந்தையதைவிட உயரமானது. ஆகவே பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. நம் ஊர்களில் நெடுங்காலம் ஓடிய உயர்ந்த நெற்றி ஜீப் பிறந்த கதை இதுதான்.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் வண்டி வைத்திருப்பது சுமையாயிற்று. பெஜோ வடிவமைப்பில் அமைந்த 2112 க.செ.மீ. டீசல் எஞ்சினும், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சின் வழிவந்த 2523 க.செ.மீ. டீசல் எஞ்சினும் ஜீப்புகளில் இடம் பிடித்தன. எங்கள் வண்டியில் இருப்பது பின்னது. அதன் உருளை விட்டம் 88.9 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். பிஸ்டன் ஓட்டம் 101.6 மி.மீ., அதாவது நான்கு அங்குலம். இவற்றைக் கொண்டு ஓர் உருளையின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 630.6 க.செ.மீ. வரும். நான்கால் பெருக்கினால் 2523 கிடைப்பதை வாசகர்களே சரிபார்க்கலாம்.

எஞ்சின் ஏன் சோர்கிறது?

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே பற்றவைக்கிறது. அமுக்க விகிதம் 17 எனவும், காற்றின் தொடக்க வெப்பநிலை 300 கெல்வின் எனவும் கொள்வோம். வெப்பமாற்றீடற்ற அமுக்கத்தில் இறுதி வெப்பநிலை, 300-ஐ 17-இன் 0.4 அடுக்கால் பெருக்கக் கிடைப்பது. ஏறத்தாழ 932 கெல்வின். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து காற்று கசிந்தால் விளைவு குறைந்த விகிதம் போன்றதே. அது 12-க்கு இறங்கியதாகக் கொண்டால் வெப்பநிலை 811 கெல்வினாகக் குறைகிறது. உலோகச் சுவர்கள் உறிஞ்சும் வெப்பத்தையும் கழித்தால் நிலைமை இன்னும் மோசம். பனிக்காலத்து விடியலில் கிழட்டு டீசல் வண்டி கிளம்ப மறுத்து, நாலு பேர் தள்ளும்படி ஆவதன் காரணம் இதுவே.

உருளை எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல்முனையில் வளையம் நின்று திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி. எண்ணெய்ப் படலமோ மெலிவு. எனவே அங்குதான் தேய்மானம் அதிகம். வட்டமாக இருந்த துளை மேலே அகன்றுவிடுகிறது. அதில் புது வளையம் மட்டும் போடுவது வீண்செலவு.

புதுப்பித்தல் என்றால் என்ன?

சாயம் பூசுவது புதுப்பித்தல் ஆகாது. பிளாக்கை லேத்துப் பட்டறையில் கொடுத்துத் துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். அல்லது புது லைனர் இறக்க வேண்டும். கிராங்கின் கழுத்துகளைச் சாணை பிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போட வேண்டும். பட்டறையில் 'பத்து', 'இருபது' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. பத்து என்றால் 0.254 மி.மீ. ஹெட்டின் மட்டம், வால்வு இருக்கை, நாசில், எண்ணெய்ப் பம்பு எல்லாம் பார்த்தாக வேண்டும்.

முதலில் எங்களுக்குக் காட்டிய எஞ்சின் பளபளவென்று இருந்தது. அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் அப்பாவின் கையில் இருந்தது. அதே நிலையில் எஞ்சின் வாங்கிய அவருடைய நண்பர் ஒருவர், இரண்டே மாதத்தில் கிராங்க் ஒடிந்து வண்டியை எடைக்குப் போட்ட செய்தி எங்களுக்குத் தெரியும். எனவே நாசில் துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கும்படி எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். மூன்று உருளைகள் 26, 25, 26 எனக் காட்டின, நான்காவது 17 காட்டியது (சதுர செ.மீ.க்குக் கிலோ). அந்த உருளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு மீண்டும் பார்த்தபோது 23-க்கு ஏறியது. எண்ணெய் இடுக்கை அடைத்ததால் ஏறியது என்றால் கசிவு வளையத்தின் வழி என்று பொருள். ஏறாமல் நின்றிருந்தால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அண்ணன் சிரித்தார். "பாப்பா சொல்றது சரிதாண்ணே, இது மேல்பூச்சு வேல" என்று அப்பாவிடம் சொன்னார். லேத்துப் பட்டறைச் சீட்டோடு, நான்கு உருளைகளும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டிய வேறொரு எஞ்சினை மூன்று வாரம் கழித்து வாங்கினோம். அந்த மூன்று வாரமும் வீட்டில் வருமானம் இல்லை. ஆயினும் அப்பா அவசரப்படவில்லை.

ஏற்றிப் பொருத்துதல்

எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கும்போது அதன் பாரம் கியர் பாக்ஸின் உள்தண்டில் ஒருபோதும் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் மையம் வளைந்து, பின்னர் கியர் விழாது தொல்லை தரும். பிளேட்டை ஒரு பழைய தண்டை வைத்து மையப்படுத்திய பின்னரே முடுக்க வேண்டும். பைலட் புஷ், தாங்கு ரப்பர்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றுவதே சிக்கனம்.

அடுத்து டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். நீர்மம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் பம்பு தரும் அழுத்தமெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. பள்ளியில் படித்த பாஸ்கல் விதி அன்று என் கண்முன் நின்றது.

வேகமா, இழுவையா?

எஞ்சின் மாற்றும்போது கிரவுன் பினியனையும் மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. எங்கள் ஜீப்பில் கிரவுன் வீலுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8, விகிதம் 5.38. இதற்கு மாற்றாக 47-க்கு 11 பல், அதாவது 4.27 விகிதம் கிடைக்கும். சக்கர விட்டம் 0.72 மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று, டாப் கியரில் நேர் விகிதம் எனக் கொண்டால், 5.38-இல் வேகம் மணிக்கு ஏறத்தாழ 76 கி.மீ.; 4.27-இல் 95 கி.மீ. சமவெளியில் ஓடுபவருக்கு இது நல்ல லாபம்.

ஆனால் வேகத்தில் பெற்றதைத் திருப்புவிசையில் இழக்கிறோம். ஆற்றல் அழிவின்மை விதி யாருக்கும் சலுகை தராது. சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். இறக்கத்திலும் இதே கணக்குதான். முதல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் அதே அளவு குறைந்து, பிரேக்கின்மேல் பாரம் கூடும். "மேல ஏறுறது பெருசில்ல தாயி, ஆள வச்சுக்கிட்டு கீழ எறங்கணும்ல" என்றார் அப்பா. பழைய விகிதமே நீடித்தது. மாற்றுவதானால் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்கள் நொறுங்கும்.

சட்டமும் நாமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை வலியுறுத்தியது. முற்காலம் போல் விரும்பிய எஞ்சினை விரும்பிய வண்டியில் ஏற்ற இயலாது. நாங்கள் அதே வகை எஞ்சினைத் தேடியதன் காரணம் இதுவே. வாங்கிய ரசீதுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் பதிந்துகொள்வது கட்டாயம். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு பெறுவதில் வில்லங்கம் வரக்கூடும். மலைப்பாதையில் ஆள் ஏற்றுவோர் இதை மறக்கலாகாது.

முடிவுரை

அழுத்தமானி ஒரு சாதாரணக் கருவி. அதைப் பொருத்திப் பார்க்கச் சிறிது நேரமே ஆகும். அந்தச் சிறிது நேரம் ஓர் ஏழைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் காப்பாற்றக் கூடும். நம் கல்லூரியில் பயில்வோர் பலரின் வீட்டிலும் ஒரு மோட்டார், ஒரு பம்பு செட்டு, ஒரு டிராக்டர் இருக்கக்கூடும். பாடப்புத்தகத்தின் சமன்பாட்டை அவற்றின்மேல் வைத்துப் பாருங்கள். அவற்றை ஓட்டும் பெரியவர்களிடம் கேட்டும் பாருங்கள். விதியின் பெயர் அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம், விதி தெரியும். இரண்டும் சேரும்போதே கல்வி முழுமை பெறுகிறது.