அயலார் சொல்லும் அடைக்கலப் பொருளே

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் வாய்மை இரண்டாவது. பொய் சொல்லாதிருத்தலே இவ்விரதம் என்று நம்மில் பலர் கருதியிருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுக்கிறோம். ஆயின், பொய் ஒன்றும் சொல்லாமலே இவ்விரதத்திற்குப் பழுது உண்டாக்க முடியும். அப்பழுது பெரும்பாலும் நேருமிடம் நம் வீட்டுத் திண்ணையும் தெருக் குழாயடியுமே. அடுத்த வீட்டாரோடு கவலைகளைப் பகிர்ந்துகொள்ளும்போதும், யோசனை சொல்லும்போதும், உதவி கேட்கும்போதும் நாம் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை இவ்விதழின் பாடமாகக் கொள்வோம்.

நூல் காட்டும் நெறி

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து, ஒன்றுக்கொன்று உதவி வாழ்பவை என்னும் கருத்து உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ளது. பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு 1974-75இல் கொண்டாடப்பட்டபோது, எல்லாப் பிரிவினரும் ஏற்ற சமணச் சின்னத்தின் அடியில் இச்சூத்திரமே பொறிக்கப்பட்டது. ஆகவே, அயலாரிடம் உதவி கேட்பது இழிவன்று, உதவுவது பெருமையுமன்று. இரண்டும் உயிரின் இயல்பு.

அந்நூலின் ஏழாம் அதிகாரம் வாய்மை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறது. பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தி என்னும் உரையில் அவற்றை விளக்கியுள்ளார். அவற்றை நம் தெருவில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது மித்யோபதேசம், பிறரைத் தவறான வழியில் செலுத்தும் அறிவுரை. அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும், "எங்கள் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்தது, இந்த மாத்திரையைக் கொடுங்கள்" என்று மீந்ததை எடுத்துக் கொடுக்கிறோமே, அது அன்பினால் செய்யப்படுவது. எனினும் அறியாததை அறிந்ததுபோல் சொல்லுதல் இக்குற்றத்தின் வாயிலில் நம்மை நிறுத்திவிடும்.

இரண்டாவது இரகோப்பியாக்கியானம். கணவன் மனைவியர் தனிமையில் நடந்துகொண்டதை வெளியிடுதல் என்று உரை இதனை விளக்குகிறது.

மூன்றாவது கூடலேகம், அதாவது பிறர் சொல்லாததைச் சொன்னதாக எழுதி ஏமாற்றுதல். எழுதப் படிக்க அறியாதவர் வங்கிப் படிவத்தை நிரப்பித் தரும்படி நம்மிடம் வருவர். அவர் சொன்னதை மட்டும் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதல் நம் கடமை.

நான்காவது நியாசாபகாரம். ஒருவர் பொன்னை நம்மிடம் வைத்துவிட்டு, எண்ணிக்கையை மறந்து குறைவாகக் கேட்கிறார். "ஆம், அவ்வளவுதான்" என்று நாம் கொடுத்துவிட்டால் அது இக்குற்றம் ஆகும். உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டே இது.

ஐந்தாவது சாகார மந்திர பேதம். ஒருவருடைய முகக்குறிப்பாலும் புருவ அசைவாலும் அவர் உள்ளக் கருத்தை உணர்ந்து, பொறாமையால் அதனை வெளிப்படுத்துதல் இது. வாய்திறந்து சொல்லப்படாத இரகசியத்திற்கும் காவல் வைத்த நூலாசிரியரின் நுட்பம் வியக்கத்தக்கது.

மங்களூரில் நாங்கள் கற்றது

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மங்களூரில் குடியிருந்தோம். கர்நாடகத்துத் துறைமுக நகரம் அன்று இது. கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திற்கு மேற்கே உள்ள ஊர். எங்கள் தெருவில் சமணக் குடும்பம் எங்களுடையது ஒன்றே. எனினும் தனிமை தெரியவில்லை. எதிர்வீட்டு மூதாட்டி தம் வீட்டு விசேடங்களுக்கு எங்களை அழைத்தால், "நயினார் வீட்டுக்குப் பொழுது சாயுமுன்னே சாப்பாடு" என்று சொல்லி முதல் பந்தியிலேயே அமர்த்துவார். எங்கள் நோன்பை எங்களினும் கருத்தாகக் காத்தவர் அவர்.

அவர் மகள் கணவனோடு மனம் வேறுபட்டுத் தாய் வீடு வந்திருந்தார். அடகிலிருந்த நகையை மீட்க உறவினர் ஒருவரிடம் கடன் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி மூதாட்டி எங்களிடம் வந்தார். எழுதிக் கொடுத்தோம். "இது நம்மோட இருக்கட்டும், நயினாரம்மா" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

மறுநாள், உதவக்கூடியவர் என்று நாங்கள் நம்பிய ஒருவரிடம் அச்செய்தியைச் சொன்னோம். ஒரு வாரத்திற்குள் குழாயடியில் அந்தப் பெண்ணிடமே சிலர் விசாரித்தனர். கணவன் வீட்டார் செவிக்கும் செய்தி எட்டியது. நகை அடகில் இருப்பதை அவர்கள் அதுவரை அறியார். சமாதானப் பேச்சுக்கு வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மூன்று மாதம் கழிந்தது.

நாங்கள் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. தீய எண்ணமும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் துன்புற்றது. மூதாட்டி எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். அதன்பின் எதுவும் கேட்க வரவில்லை. அதுவே எங்களுக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அவர் மகன் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்பவர். முன்பொரு முறை அவர் எங்களிடம் கூறியது அப்போது நினைவுக்கு வந்தது. சூளைக்குப் போகாத பாண்டத்தில் விரிசல் கண்டால் உடைத்து நீரில் ஊறவைத்து மீண்டும் களிமண்ணாக்கிக் கொள்ளலாம். சூளையில் வெந்தபின் அது ஒருபோதும் களிமண்ணாகாது. வாயினின்று புறப்பட்ட சொல்லும் அத்தகையதே.

ஒருநாள் காலை அவர் வீட்டிற்குச் சென்று, செய்தி பரவக் காரணம் நாங்களே என்று ஒப்புக்கொண்டோம். "நல்லதுக்குன்னு" என்று தொடங்கியதை நாங்களே நிறுத்திக்கொண்டோம். காரணம் கூறாமல் குற்றத்தை மட்டும் கூறுவதே ஆலோசனை என்று கற்றிருந்தோம் அல்லவா? அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "தெரியும். நீங்களே வந்து சொல்லுவீங்களான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். அடுத்த மாதம் மீண்டும் ஒரு கடிதம் எழுத வந்தார்.

நாம் கொள்ள வேண்டுவது

அயலார் நம்மிடம் சொல்லும் கவலை பொன்னைப் போன்றே அடைக்கலப் பொருள். வைத்தவர் கேளாமல் அதனை எடுத்து வேறொருவருக்கு வழங்க நமக்கு உரிமை இல்லை, நற்செயலுக்காகவும் இல்லை. வேறொருவரால் உதவி கிட்டும் என்று தோன்றினால், "இன்னாரிடம் சொல்லட்டுமா?" என்று முதலில் அவரையே கேட்டல் வேண்டும். அந்த ஒரு கேள்வியை நாங்கள் கேட்டிருந்தால் அம்மூன்று மாதத் துன்பம் நேர்ந்திராது. ஒருவர் உயிருக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சும் வேளையில் மட்டும் தக்கவரிடம் உரைத்தல் தகும். வாய்மை அகிம்சைக்கு வேலியாக அமைந்தது. பயிரை அழித்து வேலியைக் காத்தல் அறிவுடைமை ஆகாது.

இல்லத்தில் சிந்திக்க

1. இவ்வாரம் நாம் பிறருக்குச் சொன்ன யோசனைகளுள், உண்மையில் அறிந்து சொன்னவை எத்தனை?

2. நம்மை நம்பி ஒருவர் சொன்ன செய்தியை, அவர் அனுமதி பெறாமல் யாரிடமேனும் கூறினோமா?

3. முன்பு நம்மிடம் உதவி கேட்டு வந்து, இப்போது வராதிருப்பவர் யார்? காரணம் நாமாக இருக்கக்கூடுமா?

மூன்றாம் வினாவிற்கு ஒரு பெயர் நினைவுக்கு வருமாயின், அவர் வீட்டிற்குச் செல்ல நாளைய பொழுது வரை காத்திருக்க வேண்டுவதில்லை.