எலும்பு சொல்லும் வயதும் ஏடு சொல்லும் வயதும்

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஒர்க்‌ஷாப்பில் நாம் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்த கருவிதான் 'கோ – நோ கோ' கேஜ். துளைக்குள் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போய்விட்டால் ரிஜெக்ட். "கொஞ்சமாத்தான் சார் போகுது" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இப்படி ஒரு கேஜ் இருக்கிறது. அதுதான் பதினெட்டு வயது. குற்றம் நடந்த நாளில் ஒருவனுக்கு 18 வயது நிறைந்திருந்தால் லாக்கப், கோர்ட்டு, சிறை, தூக்குக் கயிறு வரை எல்லாம் உண்டு. ஒரே ஒரு நாள் குறைந்திருந்தாலும் அவன் சட்டத்தின் கண்ணில் சிறுவன். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். தங்க வைப்பது கூர்நோக்கு இல்லத்தில். தூக்குத் தண்டனை கிடையவே கிடையாது.

கேஜ் சரி. ஆனால் அளப்பது எப்படி? ஏழை வீட்டுப் பையனின் வயதை யார், எதை வைத்துச் சொல்வது? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் வந்த வழி

சிறுவர் சட்டம் என்ற ஒன்று இந்தியாவிலேயே முதலில் வந்தது நம்ம சென்னை மாகாணத்தில்தான். 1920-ஆம் ஆண்டின் சென்னை சிறுவர் சட்டம் அது. நாடு முழுவதற்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986-இல் வந்தது. அதில் பையன்களுக்கு எல்லை 16, பெண்களுக்கு 18. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 என்று ஆக்கியது.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 நிறையச் சில மாதங்கள் பாக்கி. அவனுக்குக் கிடைத்தது மூன்று வருடச் சிறப்பு இல்லம். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தான். மக்கள் கோபத்தின் நடுவே அதே மாதம் புதிய சட்டம் நிறைவேறியது. 2016 ஜனவரியில் அமலுக்கும் வந்தது. அதன்படி 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர், குறைந்தபட்சமே ஏழு ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவருடைய மனநிலையையும் உடல்நிலையையும் குழுமம் மதிப்பிட்டு, பெரியவரைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஆக, இன்று 18 மட்டுமல்ல, 16-உம் ஒரு கோடு. கோடு கூடக் கூட, அளவு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் கூடுகிறது.

காதைத் தொட்டால் ஐந்து வயது

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய பிறந்த தேதியைக் கேட்டால் ஆயா, "புயல் அடிச்சுக் கூரை பறந்துச்சே, அதுக்கு மறு வருஷம் ஆடி மாசம்" என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டுவிட்டார். ஐந்து வயது என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியையும் போட்டுவிட்டார் தலைமை ஆசிரியர். இன்று வரை அப்பாவின் எல்லா அடையாள அட்டையிலும் இருப்பது அந்தத் தேதிதான்.

நம்மில் பலர் வீட்டில் இந்தக் கதை உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கோர்ட்டில் இது சிரிப்பு விஷயம் இல்லை. கை நீளமான பையனுக்கு ஒரு வயது கூடிவிடும், குட்டையான பையனுக்கு ஒரு வயது குறைந்துவிடும். அந்த ஒரு வயதில்தான் கேஜின் இரண்டு முனைகளும் இருக்கின்றன.

எலும்பு எப்படி வயது சொல்கிறது?

காகிதம் இல்லாதபோது எக்ஸ்ரே வருகிறது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே கதிர்தான். குழந்தையின் நீண்ட எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கும். எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். வளர்ச்சி முடியும்போது அந்தத் தட்டும் எலும்பாக மாறி, முனை தண்டோடு ஒட்டிவிடும். வெல்டிங் போட்ட இடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையில் சீக்கிரம் ஒட்டும், மணிக்கட்டில் பிறகு ஒட்டும், கழுத்தெலும்பின் உள்முனை கடைசியில், இருபது வயதைத் தாண்டி ஒட்டும். எது ஒட்டியிருக்கிறது, எது இன்னும் ஒட்டவில்லை என்று படத்தில் பார்த்து டாக்டர் வயதை மதிப்பிடுகிறார். கடைவாய்ப் பல்லையும் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, ஒப்பிடும் அளவுகோல். உலகம் முழுவதும் அதிகம் பயன்பட்ட கை எலும்புப் பட நூல் கிரூலிச், பைல் என்ற இருவர் 1950-இல் வெளியிட்டது. அதில் உள்ள படங்கள் அமெரிக்காவின் கிளீவ்லேண்டு நகரத்து வசதியான வெள்ளைக்காரக் குழந்தைகளுடையவை. கூழ் குடித்து வளர்ந்தவன் எலும்பும், பாலும் முட்டையும் சாப்பிட்டு வளர்ந்தவன் எலும்பும் ஒரே வேகத்தில் முற்றுமா? ஒரு மெஷினுக்குக் காலிபரேட் செய்த கருவியை வேறு மெஷினில் மாட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இரண்டாவது, டாலரன்ஸ். எக்ஸ்ரே வயதில் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் வரை பிழை வரலாம் என்று 1982-இலேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 18 என்று ரிப்போர்ட் வந்தால் நிஜ வயது 16-ஆகவும் இருக்கலாம், 20-ஆகவும் இருக்கலாம். பிளஸ் மைனஸ் இரண்டு வருடம் பிழையுள்ள கருவியை வைத்து, ஒரு நாள் வித்தியாசம் பார்க்கும் கேஜை இயக்குகிறோம்! லேபில் இப்படி ரீடிங் எழுதினால் ரெக்கார்டில் கையெழுத்து விழுமா?

இரண்டு வழக்குகள்

2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். உயிரோடு பிடிபட்ட ஒரே ஆள் அஜ்மல் கசாப். 2009-இல் விசாரணையின்போது, கசாப்புக்கு 18 வயது நிறையவில்லை என்று வாதம் வைக்கப்பட்டது. "இவனுக்குப் போய் டெஸ்டா?" என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றம் அப்படிக் கேட்கவில்லை. எலும்பையும் பல்லையும் சோதிக்கச் சொன்னது. வயது இருபதுக்கு மேல் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவனே முன்பு தந்த வயது 21. வாதம் தள்ளுபடி ஆனது. 2012 நவம்பரில் தண்டனை நிறைவேறியது. முறைப்படி அளந்துவிட்டதால் அந்தத் தீர்ப்பை யாரும் வயதைக் காட்டிக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று புனே வழக்கு. 1994-இல் ஒரே வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு 1998-இல் தூக்கு விதிக்கப்பட்டது. பல வருடம் கழித்து, ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் சான்றிதழ் வெளிவந்தது. விசாரணை நடத்தி, அதை ஏற்று, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நடந்தபோது அவர் வயது பன்னிரண்டரை! அதற்குள் 28 வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது.

குற்றம் சிறியதல்ல. ஏழு உயிர் போனது போனதுதான். ஆனால் பன்னிரண்டரை வயதுப் பையனைத் தூக்கில் போட நம் சட்டம் எந்தக் காலத்திலும் சொல்லவில்லை. அந்த உயிரைக் காப்பாற்றியது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லீங்க, ஒரு பள்ளிக்கூடத்து ஏடு.

ஏட்டில் பொய் எழுத முடியாதா என்று கேட்கலாம். முடியும். அதனால்தான் ஏட்டை நீதிமன்றம் அப்படியே நம்புவதில்லை, எழுதியது எப்போது, யார் சொல்லி என்று விசாரிக்கிறது. ஆனால் ஏடே இல்லாதவனுக்கு விசாரிக்கவும் ஒன்றும் இருக்காது.

எந்தக் காகிதம் செல்லும்?

2015 சட்டத்தின் 94-ஆம் பிரிவில் வரிசை தெளிவாக இருக்கிறது.

1. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, அல்லது தேர்வு வாரியம் தரும் பத்தாம் வகுப்புச் சான்று.
2. அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று.
3. இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. உத்தரவிட்ட 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் பத்திரமாக வைத்திருக்கும் டி.சி. இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், மாற்றுச் சான்றிதழை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆதாரும் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்று 2024-இல், ஒரு விபத்து நஷ்ட ஈட்டு வழக்கில் சொன்னது. கண்ணையும் கைரேகையையும் பதிவு செய்யும் இயந்திரத்துக்கு ஆளைத் தெரியும், அவன் பிறந்த நாள் தெரியாது. நாம் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

நாம் என்ன செய்யலாம்?

நமக்குப் பிரச்சினை இல்லை. பத்தாம் வகுப்புச் சான்று நம் கையில் இருக்கிறது. ஆனால் எட்டாவதோடு நின்று லேத் பட்டறைக்கும், பஞ்சர் கடைக்கும், செங்கல் சூளைக்கும் போன நம் தம்பிகளுக்கு? ஒரு அடிதடியில் கூட நின்றதற்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், "எனக்கு 17 சார்" என்று அவன் சொல்வதை எதை வைத்து நம்புவார்கள்? மீசையை வைத்துத்தான். இந்த மாதிரி பையன்களைத்தான் ஆயுதக் கும்பல்களும் தேடுகின்றன. சிறுவரைச் சேர்க்கும் ஆயுதக் குழுவினருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 83-ஆம் பிரிவு. அந்தப் பிரிவைப் பயன்படுத்தவும் பையனின் வயதை முதலில் நிரூபித்தாக வேண்டும்.

எனவே தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் படிப்பை விட்ட பையன்கள், பெண்பிள்ளைகள் யார் யார் என்று பாருங்கள். பிறப்புச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடப் போய் மனு எழுதிக் கொடுங்கள். படித்த பள்ளிக்குப் போய்ப் பிறந்த தேதிச் சான்று வாங்கிக் கொடுங்கள். நம் பெற்றோருக்கு எழுத்து தெரியாது, நமக்குத் தெரியும். ஏற்கெனவே வழக்கில் மாட்டியவர் யாராவது இருந்தால், வயது வாதத்தை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம் என்று அவர் வீட்டில் சொல்லுங்கள். 9-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

எலும்பு பிழையோடுதான் பேசும். ஏடு இருந்தால் அதைப் பேச வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஏட்டை வாங்கிக் கொடுக்கும் கை நம் கையாக இருக்கட்டும்!