தணிகை மலையடியில் ஒரு பாடம்
(உயிர்ப்பலித் தடைச் சட்டமும் கொல்லாமை அறமும்)



திருத்தணிகை மலையேறும் அடியார்கள் 365 படிகளைக் கடந்து செல்கின்றனர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது அங்கு வழங்கும் கருத்து. முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் வந்தது என்பர். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளும் முடிக்காணிக்கையும் அம்மலையை நிறைக்கும். மலைக்கோயிலில் உயிர்ப்பலி இல்லை. மலையிறங்கிச் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குச் சென்றால், அதே ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதைக் காணலாம். ஜாத்திரை நடக்கும் ஊர்களில் நேர்ந்துவிட்ட கிடாவும் சேவலும் அம்மன் முன்னிலையில் வெட்டப்படுவதையும் காணலாம்.

இந்த உயிர்ப்பலியைச் சட்டத்தினால் நிறுத்த அரசு ஒருமுறை முயன்றது. அம்முயற்சி எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு முடிந்தது, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு அதில் என்ன பாடம் உள்ளது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு சட்டம், இரு மாநிலங்கள்

1950ஆம் ஆண்டில் பூ. ச. குமாரசுவாமி ராஜா முதலமைச்சராயிருந்த காலத்தில், சென்னை மாநிலச் சட்டமன்றம் விலங்குகள் மற்றும் பறவைகள் பலியிடல் தடைச் சட்டத்தை இயற்றியது. அது அவ்வாண்டின் 32ஆம் சட்டம். தெய்வத்தை மகிழ்விக்கும் நோக்கத்தோடு கோயிலிலோ கோயில் எல்லைக்குள்ளோ விலங்கையோ பறவையையோ கொல்லுதல் குற்றம் என்று அச்சட்டம் கூறிற்று.

அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

ஆளும் மாநிலம் இருமுறை மாறியபோதும், பலித்தடைச் சட்டம் மட்டும் மாறவில்லை. பழைய சென்னை மாநிலத்தின் சட்டத்தை ஆந்திரமும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே சட்டமே நிலவிற்று. ஜாத்திரைகளும் முன்போலவே நடந்தன. கிடாக்களும் முன்போலவே வெட்டப்பட்டன. சட்டம் ஏட்டில் உறங்கிற்று.

நெடுந்துயிலும் சிறு விழிப்பும்

53 ஆண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அச்சட்டம் திடீரென விழித்தது. திருச்சி மாவட்டக் கோயில் ஒன்றில் எருமைகள் பெருந்தொகையாகப் பலியிடப்பட்ட செய்தி வெளிவந்ததைத் தொடர்ந்து, சட்டத்தைக் கண்டிப்புடன் நிறைவேற்றுமாறு முதலமைச்சர் ஜெயலலிதா மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் ஆணையிட்டார். உயிரிரக்கம் உடையோர் பலர் அவ்வாணையைக் கேட்டு மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கிராமத்து மக்களிடையே பெருங்குறை எழுந்தது. 'பரம்பரையாக வந்த நேர்த்திக்கடனை நிறைவேற்ற முடியவில்லையே' என்று பலர் வருந்தினர். எளிய மக்களின் வழிபாட்டைத் தாழ்ந்ததெனக் கருதி ஒடுக்கும் செயல் இது என்று அறிஞர் சிலரும் அரசியல் கட்சியினரும் கண்டித்தனர். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிவந்த 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே அரசே அவசரச் சட்டம் பிறப்பித்துத் தடையை நீக்கியது. பின்னர் 1950ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படி ரத்தாயிற்று.

எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் அச்சட்டம் ரத்தாகவில்லை. ஆகவே இன்று திருத்தணியிலிருந்து சில கல் தொலைவு சென்று நகரியை அடைந்தால், கோயிலில் பலியிடுதல் சட்டப்படி குற்றம். திருத்தணிப் பக்கத்தில் அவ்வாறில்லை. எனினும் ஆந்திரத்து ஜாத்திரைகளிலும் பலி முற்றும் நின்றபாடில்லை. சட்டம் உள்ள பக்கத்திலும் இல்லாத பக்கத்திலும் ஆட்டுக்கு நேரும் கதி ஒன்றாகவே இருப்பின், குறை சட்டத்தின் சொற்களில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

மைய அரசின் கொள்கை

விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுத்தல் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் அடங்கியது. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் இதுபற்றிச் சட்டம் செய்யலாம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பயனாக 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டப்படி 1962இல் இந்திய விலங்குநல வாரியம் அமைந்தபோது, அம்மையாரே அதன் முதல் தலைவரானார். அவ்வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையிலேயே இயங்கியது.

அச்சட்டத்தின் 28ஆம் பிரிவை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். எந்த ஒரு சமூகமும் தன் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்லுதல் இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று அப்பிரிவு விலக்களிக்கிறது. மைய அரசு ஒதுங்கி நின்ற இந்த இடத்தில்தான் சில மாநிலங்கள் தனிச்சட்டம் செய்தன. கர்நாடகத்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வகையின. 1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தமோ, உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. இரக்கம் கடமை என்று அரசியலமைப்பு கூறுகிறது. ஆயினும் கடமையை உள்ளத்தில் ஊன்றுவது யார் பொறுப்பு என்ற வினா எஞ்சி நிற்கிறது.

சட்டம் தடுமாறிய இடம்

சங்கல்ப ஹிம்சை, ஆரம்ப ஹிம்சை, உத்தியோக ஹிம்சை, விரோத ஹிம்சை என நம் ஆகமம் ஹிம்சையை நான்காகப் பகுத்துக் காட்டுவதை அன்பர்கள் அறிவர். கொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமையல், வீட்டுவேலை முதலியவற்றில் நேர்வது ஆரம்பம். உழவு, தொழில்களில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டியது முதலாவது வகையை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடுமாற்றம் விளங்கும். அது உயிர்க்கொலையைத் தடுக்கவில்லை. தெய்வத்துக்காகக் கொல்வதை மட்டுமே தடுத்தது. கோயில் வாசலில் வெட்டப்படும் ஆடு குற்றத்துக்குச் சான்றாகும்; அடுத்த தெருக் கசாப்புக் கடையில் வெட்டப்படும் ஆடு வாணிகப் பொருளாகும். ஆட்டுக்கு நோவு இரண்டிடத்தும் ஒன்றே. 'உண்பதற்குக் கொல்லலாம், படைத்துவிட்டு உண்பதற்குக் கொல்லலாகாதா?' என்று கிராமத்து மனிதர் கேட்டபோது, சட்டத்திடம் நேரான விடை இல்லை. 2020ஆம் ஆண்டு ஜூனில் கேரள உயர்நீதிமன்றம் அம்மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்சநீதிமன்றம் சென்றபோது, இம்முரண்பாட்டை நீதிபதிகளும் சுட்டிக்காட்டினர்.

நாமும் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒரு கிடாவை வெட்டும் ஏழைக் குடியானவரைக் கொடியவர் என்று பேசுகிறோம். நாள்தோறும் நகரங்களில் நடக்கும் பெருங்கொலையைக் கண்டும் காணாமல் செல்கிறோம். எளியோரிடம் மட்டும் கடுமை காட்டும் இரக்கம் நடுநிலை தவறிய இரக்கமாகும்.

பழையனூர் காட்டும் வழி

இச்சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட விடை திருத்தணிக்கு அண்மையிலேயே இருக்கிறது. திருத்தணி வட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். அவ்வூர் நீலியையே தலைவியாகக் கொண்டு எழுந்தது நம் நீலகேசி.

அந்நூலின் தொடக்கக் கதையைச் சற்றே நினைவுகூர்வோம். பாஞ்சால நாட்டில் காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க மக்கள் வருகின்றனர். அங்கிருந்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் அவர்களை இகழவில்லை. அரசனிடம் முறையிடவும் இல்லை. உயிருக்கு மாறாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கலாமே என்று எடுத்துரைக்கிறார். மக்கள் உடன்படுகின்றனர். பலியிழந்த காளி சினந்து, முனிவரை அச்சுறுத்தத் தென்னாட்டுப் பழையனூர் நீலியை அனுப்புகிறாள். வந்த நீலியோ அஞ்சாத முனிவரின் அறவுரையால் மனம் மாறி, அவ்வறத்தைப் பரப்பும் வாதியாகிறாள்.

வழிபடுவோரின் பக்தியைப் பறிக்காமல், பக்திக்கு வேறொரு வடிவம் தந்தமையே முனிவரின் வெற்றிக்குக் காரணம். 2003ஆம் ஆண்டின் ஆணை நேர்த்திக்கடனை விலக்கிற்று. அதனிடத்தில் வைக்க ஒன்றையும் தரவில்லை.

மண்ணுருவமும் மாவுருவமும் போதுமா என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு யசோதர காவியம் எச்சரிக்கை தருகிறது. தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, யசோதர மன்னன் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். கொல்லும் எண்ணத்தோடு வெட்டியமையால், அவனும் தாயும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் துன்புற்றனர். செயலில் உயிர்க்கொலை இல்லை; எண்ணத்தில் இருந்தது. மாற்றுப் பொருள் முதற்படி மட்டுமே, எண்ணம் மாறுவதே முடிவு என்பதை இவ்விரு நூல்களையும் சேர்த்துக் கற்பவர் உணர்வர். எண்ணத்தை மாற்றும் ஆற்றல் எந்த அரசாணைக்கும் இல்லை.

இதற்குத் தணிகை மலையே சான்று. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் என்னும் பகுதியைத் திருத்தணிகையோடு பொருத்திக் கூறுவது மரபு. அந்நூலின் இறுதிப் பகுதியில், முருகனுக்கு ஆட்டுக்கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக இட்ட செய்தி வருகிறது. இன்று தணிகையில் பாலும் மலரும் சந்தனமும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிகழ்ந்த மாற்றம் இது. மெல்ல நிகழ்ந்ததாகையால் நிலைத்தது.

நாம் வேண்டத்தக்கனவும் செய்யத்தக்கனவும்

அரசு ஒன்றும் செய்யவேண்டா என்பது இதன் பொருளன்று. அரசின் கடமை எது, நம் கடமை எது எனப் பிரித்தறிதல் வேண்டும் என்பதே கருத்து.

யாவரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்தும் விதிகளை நிறைவேற்றுவது அரசின் கடமை. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், ஆடுகளைத் தொலைவிடங்களுக்கு ஏற்றிச் செல்லும்போது அவை பயணத்துக்குத் தகுதியுடையன என்ற மருத்துவச் சான்று வேண்டும் என்கின்றன. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், சினையான விலங்கையும் மூன்று திங்களுக்குட்பட்ட குட்டியுடைய தாயையும் கொல்லலாகாது என்றும், ஒரு விலங்கின் கண்முன் மற்றொன்றைக் கொல்லலாகாது என்றும் கூறுகின்றன. இவ்விதிகள் கோயிலென்றும் கடையென்றும் சாதியென்றும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆட்டுச்சந்தைக்கு வரும் லாரிகளிலும் நகர இறைச்சிக்கூடங்களிலும் இவை முறையாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று நம் சங்கங்கள் அமைதியாகக் கேட்கலாம். குறை கண்டால் எழுத்து மூலம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். மறைந்து கிடக்கும் இவ்விதிகள் உயிர்பெற்றால், எந்தக் குடியானவரின் மனமும் புண்படாமல் எண்ணற்ற உயிர்களின் நோவு குறையும்.

பலியைப் பொறுத்தவரை நம் கடமை முனிச்சந்திரரின் கடமையே. ஜாத்திரைக்கு முன்னரே ஊர்ப் பெரியவர்களை அவர்கள் வீட்டுத் திண்ணையில் சென்று காணவேண்டும். கூழ் வார்த்தலும் பொங்கலிடலும் ஏற்கெனவே அம்மனுக்கு உவந்த வழிபாடுகளாக இருத்தலின், அவற்றுக்கு அரிசியும் வெல்லமும் வழங்கித் துணைநிற்கலாம். நேர்ந்துவிட்ட ஆட்டை வெட்டாமல் அம்மன் பெயரால் வாழவிட ஒரு குடும்பம் முன்வந்தாலும் அவ்வாண்டுக்கு அது பெரும்பேறு. இகழ்ச்சிச் சொல் ஒன்று வாயிலிருந்து வந்துவிடின், பத்தாண்டு முயற்சி பாழாகும். இகழ்ச்சியும் பாவ ஹிம்சையே.

முருகன் சினம் தணிந்த மலையின் அடியில் நின்று அறம் பேசப் புகுவோர், முதலில் தம் சினத்தைத் தணித்துக்கொள்ளல் வேண்டும். சட்டத்தால் விழித்த இரக்கம் ஆறு திங்களில் உறங்கிற்று. மனத்தால் விழித்த இரக்கம் மலைமேல் இன்றும் விழித்திருக்கிறது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உண்பதற்காகக் கொல்வதற்கும் படைப்பதற்காகக் கொல்வதற்கும் நால்வகை ஹிம்சையின்படி வேறுபாடு உண்டா?

2. முனிச்சந்திரரின் மண்ணுருவத்துக்கும் யசோதரனின் மாக்கோழிக்கும் உள்ள வேறுபாடு யாது?

3. நம் ஊரின் அருகில் நடைபெறும் ஜாத்திரையில் இவ்வாண்டு ஓர் உயிரையேனும் காக்க நாம் யாரிடம் சென்று, எவ்வாறு பேசலாம்?

கொல்லா அறம் வெல்க!