பளீர் மஞ்சளும் ஈயச் சொம்பும்

சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று 2009-இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டுதல். காரீயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் அதிகம் என்று அவர்களுடைய ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. இவர்கள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்த நோயாளிகள் அல்லர். புத்தகப் பையோடு தினமும் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள். அதுதான் கவலையே. காரீயத்தைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கைகள் பலவும் அதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்கின்றன.

“பெட்ரோலில்தான் காரீயம் இருந்தது. அதைத்தான் நிறுத்திவிட்டார்களே!”

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு முடிந்தது உண்மை. அதனால் பெரிய நன்மை விளைந்ததும் உண்மை. ஆனால் மேலே சொன்ன சென்னைக் குழந்தைகளைச் சோதித்தது அதற்குப் பிறகுதான். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று யுனிசெஃப் 2020-இல் சொன்னது. அப்படிப்பட்ட 80 கோடிக் குழந்தைகளில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறை, உதிரும் பெயின்ட், சமையல் பாத்திரம், மசாலா என்று வழிகள் பல.

“பொடி வாங்கினால்தான் கலப்படம். முழு மஞ்சள் வாங்கிக் காயவைத்து நாமே அரைத்தால் பயமில்லை.”

மிளகாய்க்கும் மல்லிக்கும் இது நல்ல வழக்கம். மஞ்சளுக்கு மட்டும் இது போதாது. ஏன் என்பதை வங்கதேசத்து அனுபவம் சொல்கிறது.

அங்கே கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் ஆலையும் இல்லை, பேட்டரிப் பட்டறையும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மைய ஆய்வாளர்களும் வீட்டுக்குள் இருந்த ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டே போய்க் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். ரத்தத்தில் இருந்த காரீயமும் மஞ்சளில் இருந்ததும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்பதை ஐசோடோப் சோதனை உறுதி செய்தது. 1980-களில் வெள்ளத்தில் நனைந்த மஞ்சள் சரியாகக் காயாமல் நிறம் மங்கிப்போக, விலை போவதற்காக லெட் குரோமேட் என்ற, காரீயம் அடங்கிய மஞ்சள் சாயப்பொடியைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெயின்டுக்குப் போகவேண்டிய பொடி அது. காய்ந்த மஞ்சளை டிரம்மில் போட்டு உருட்டி மெருகேற்றும்போதே அதைத் தூவிவிடுவார்கள். விரல் விரலாக, பளீரென்று, பார்க்க அத்தனை லட்சணமாக இருக்கும் முழு மஞ்சளின் மேல்தோலிலேயே விஷம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அரசு சும்மா இருக்கவில்லை. டாக்காவின் மொத்த விலைச் சந்தையில் சோதனை நடத்தி, கலந்து விற்ற வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. காரீயம் கலந்தால் குற்றம் என்ற அறிவிப்புகள் சந்தைச் சுவர்களில் ஒட்டப்பட்டன. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த காரீயம் 2021-இல் ஒன்றில்கூட இல்லை. மெருகேற்றும் ஆலைகளில் வேலை செய்தவர்களின் ரத்தத்திலும் அளவு குறைந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. பணக்கார நாடு ஒன்றும் இல்லை, இரண்டே ஆண்டில் முடித்துக்காட்டியிருக்கிறார்கள்!

ஃபோர்சைத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் 356 மஞ்சள் மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் கிடைத்த சிலவற்றில் 1000-ஐத் தாண்டியது. நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 10. பெரும்பாலான மஞ்சளில் பிரச்சினை இல்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. மஞ்சளை ஒதுக்க வேண்டியதில்லை. கண்ணைப் பறிக்கும் நிறத்துக்கு மயங்காமல், மெருகேற்றாத, சற்று மங்கிய மஞ்சளைக் கேட்டு வாங்கலாம். விளைவித்தவரிடமே வாங்க வழியிருந்தால் இன்னும் நல்லது. மற்றபடி, வீட்டுச் சமையலறையில் இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழியில்லை. மண்டியிலும் ஆலையிலும் அதிகாரிகள் சோதிக்க வேண்டிய விஷயம் இது.

“ஈயச் சொம்பில் வைத்த ரசம் உடம்புக்கு நல்லது.”

பாட்டி வைத்திருந்த சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம், காரீயம் அல்ல. புளிக்கரைசலை ஊற்றிவிட்டுத்தான் சொம்பை அடுப்பில் ஏற்றுவார்கள், வெறுஞ்சொம்பை ஏற்றினால் உருகிப்போகும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சுத்தமான வெள்ளீயத்தில் ரசம் வைப்பதில் தவறில்லை.

சிக்கல் விலையில்தான் தொடங்குகிறது. வெள்ளீயம் விலை கூடிய உலோகம். காரீயம் மலிவு, அதுவும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும். இரண்டையும் கலந்து வார்த்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்தால், அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டுப் பூசும் கலாயிலும் இதே ஆபத்து உண்டு. சொம்பை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரிக் கருப்பாக விழுந்தால் அதில் சமைக்காதீர்கள். கோடு விழவில்லை என்பதாலேயே சுத்தம் என்றும் முடிவுகட்டிவிட முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

“எதுவானாலும் நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும்.”

கிருமி சாகும். காரீயம் உலோகம், சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

“பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு அடித்தால் சரியாகிவிடும்.”

வீட்டு பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஜன்னல் கம்பியும் கதவும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. பொங்கலுக்கு முன்னால் உப்புத்தாள் போட்டு அவற்றைத் தேய்க்கும்போது எழும் தூசி தரையில் படிகிறது. தவழும் குழந்தை அந்தத் தரையில் கை வைத்துவிட்டுக் கையை வாயில் வைக்கும். தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தையையும் கர்ப்பிணியையும் அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

“பையன் நன்றாகத்தானே ஓடியாடுகிறான்.”

வயிற்றுவலி, வாந்தி, வலிப்பு எல்லாம் ரத்தத்தில் அளவு மிக அதிகமாக ஏறிய பிறகு வருபவை. அதற்கு வெகு முன்பே மூளையில் வேலை நடந்துவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், குழந்தைகளுக்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் இருந்த காரீயத்தை அளந்து, அறிகுறி ஏதும் இல்லாத பிள்ளைகளிடமும் அறிவுத்திறன் குறைந்திருப்பதை 1979-இல் காட்டினார். பின்னர் 2005-இல் புரூஸ் லான்ஃபியர் குழுவினர் 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காரீயம் 2.4-லிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போதே சுமார் 3.9 ஐகியூ புள்ளிகள் போயிருந்தன. 10-க்கு மேல் ஏறும்போது ஏற்படும் இழப்பைவிட இந்த ஆரம்ப இழப்புதான் செங்குத்து. ‘கொஞ்சம்தானே’ என்று சொல்ல இடமே இல்லை.

“பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது.”

உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. பல பத்தாண்டுகள் அது அங்கேயே இருக்கும். கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது காரீயமும் சேர்ந்து வெளியே வந்து, நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். தாய் சிறுமியாக இருந்தபோது உடம்பில் ஏறியதுகூட இப்படிப் பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். ரத்தக் கொதிப்பையும் இதயநோயையும் காரீயம் தூண்டுகிறது என்பதற்கும் சான்றுகள் வலுத்துவருகின்றன. 2019-இல் மட்டும் உலகில் 55 லட்சம் பெரியவர்களின் இதய, ரத்தநாள நோய் மரணங்களுக்குக் காரீயம் காரணம் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2023-இல் மதிப்பிட்டார்கள்.

“கொத்தமல்லிச் சாறு குடித்தால் உலோகமெல்லாம் வெளியேறிவிடும்.”

வெளியேறும் என்பதற்கு மனிதர்களிடம் நம்பகமான சான்று இல்லை. காரீயத்தை வெளியே இழுக்கும் கீலேஷன் மருந்துகள் உண்டு. ரத்தத்தில் அளவு மிகவும் உயர்ந்தவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் அவற்றைத் தருவார்கள், அதற்குள் மூளையில் ஏற்பட்டுவிட்ட பாதிப்பை அவற்றால் திருப்பித் தர முடியாது. உணவால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். அந்தக் குறையைத் தீர்த்தால் உறிஞ்சுவது குறையும். ஆகவே ரத்தசோகை உள்ள குழந்தை, மண்ணையும் சுவரையும் சுரண்டித் தின்னும் குழந்தை, அப்பா பேட்டரிப் பட்டறையிலிருந்து அதே சட்டையோடு வந்து தூக்கிக் கொஞ்சும் குழந்தை ஆகியோருக்கு இரும்புச்சத்து டானிக்கோடு நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். பெரிய ஆய்வகங்களில் அந்தச் சோதனை இருக்கிறது.