எலும்பும் தாழியும் அளவை நெறியும்

மண்ணிலிருந்து வெளிப்படும் எலும்பு, தாழி, கருவி என்பவற்றைக் கொண்டு முன்னோர் வாழ்வை மாணாக்கர்க்கு எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதற்குச் சைவ ஆசிரியர்கள் புதுக்கருவி தேட வேண்டுவதில்லை. காட்சி, கருதல், உரை என நம் சித்தாந்த சாத்திரம் கொண்ட அளவை மூன்றுமே அமையும்.

காட்சியாவது, எலும்பு எவ்வாழத்தில், எத்திசை நோக்கி, எப்பொருளின் அருகே கிடந்தது என்பதாம். கிடந்த இடம் குலைந்த எலும்பு, தன் ஊரும் பேரும் மறந்த சாட்சி போன்றது. நூதனசாலையில் எத்துணை அழகாக வைப்பினும் இழந்த அச்சான்று மீளாது.

கருதலாவது, கண்டது கொண்டு காணாததைத் துணிதல். இடுப்பெலும்பின் அமைப்பால் ஆண் பெண் என்பதும், நீண்ட எலும்பின் முனை தண்டோடு பொருந்தியமையால் வளர்ச்சி முற்றியதென்பதும், பல்லின் மேற்பூச்சிற் படிந்த குறுக்குக் கோடுகளால் இளமையில் நோயோ பசியோ வருத்தியதென்பதும் துணியப்படும். காட்டு நிழலில் வளருஞ் செடியும் வெட்டவெளிப் புல்லும் தம்முட் கொள்ளும் கரியின் வகையளவு வேறாதலின், அவ்வேறுபாடு உண்டோர் பல்லிலும் பதியும். நம் இலங்கைத் தொல்லிடங்களிற் கிடைத்த 26 மாந்தரின் பற்களை அவ்வாறு ஆய்ந்தோர், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 3,000 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பினர் என 2015இல் வெளியிட்டனர். ஒரு பல் இத்துணையும் பேசுகின்றது.

ஆயின் புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத் தொடர்பு இல்லாதவிடத்துக் கருதல் செல்லாது. திருநெல்வேலிச் சீமை ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்த தாழிக்காட்டில், பொன் நெற்றிப்பட்டங்களோடு முத்தலை இரும்புக் கருவிகளும் கிடைத்தன. இவற்றைக் கண்டவுடன், "அங்குக் கிடந்தோர் சைவரே" என்று கூற நம் நா விரையும். முத்தலைக் கருவி வழிபாட்டுக்கும் ஆகும், வேட்டைக்கும் ஆகும். ஆதலின் அக்கூற்று ஐயமேயன்றித் துணிபன்று. மண்டையோட்டின் வடிவு கண்டு இனம் வகுத்த முந்தை அறிஞர் முடிபுகளும் இக்காலத்தாரால் கைவிடப்பட்டன.

உரை என்பது இங்கே எழுத்தும் நூலும். மணிமேகலை, இறந்தோரை அடக்கும் முறை ஐந்தினுள் தாழியிற் கவித்தலையும் ஒன்றாக வைக்கின்றது. நூலில் உள்ள தாழியும் நிலத்தில் உள்ள தாழியும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியில், எலும்புக்கூட்டின் அருகே முத்திரை ஒன்று கிடைத்தது. அதன் மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் உள. எழுத்தைக் 'கோவேத' எனப் படிப்பர். வாய் மூடிய எலும்புக்கு அம்முத்திரை ஒரு சொல் அளித்தது. எனினும் அச்சொல் அவர் வழிபட்ட கடவுளைக் கூறவில்லை. கூறாததை யாம் கூறுவிக்கலாகாது.

நம் மட்டக்களப்பின் வடபால் கதிரவெளியிலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள. களுவாஞ்சிக்குடிப் பிள்ளைகளும், வாவி கடந்து படுவான்கரையில் வயல் செய்வோர் பிள்ளைகளும், கிணறு தோண்டுமிடத்தோ உழவுசாலிலோ பழைய ஓடு காணின், அதனைப் பெயர்த்துப் பள்ளிக்குக் கொணராமல், இடத்தையும் ஆழத்தையும் குறித்து வந்து சொல்லப் பழக்குக. தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்தல் ஆசிரியர் கடன்.

எலும்பாய்க் கிடப்பவர் எச்சமயத்தாராயினும், அவ்வுடம்பு ஓர் உயிர் குடியிருந்த இல்லம். அதனை இகழ்தல் தகாது. நம் சமயத்தின் பெருமையும் பொய்க்கரியால் நிறுவப்பட வேண்டுவதன்று. இன்று யாம் மிகைபடக் கூறியதை நாளை பொய்யென்று காணும் மாணாக்கன், யாம் கூறிய மெய்யையும் உடன் தள்ளிவிடுவான். ஆதலின், 'இவ்வளவே அறியலாம்' என்று நிறுத்தக் கற்பிப்பதும் சைவக் கல்வியே என்க.