நீர்க்கோவையும் மிதிவண்டியும்

நாம் விரும்பிக் கொள்ளாத ஓய்வினை நோய் வலிந்து கொடுத்துவிடுகின்றது. சென்ற மார்கழித் திங்களில், கல்லூரி விடுமுறை தொடங்கிய மறுநாளே எனக்கு நீர்க்கோவை கண்டது. இரண்டு நாள் காய்ச்சலும் உடனிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் நீங்கியும் மூக்கடைப்பும் இருமலும் அகன்றபாடில்லை. அன்னையார் சுக்குக் கஷாயம் கொடுத்து, வாயிற்படி தாண்டலாகாதென்று கட்டளையும் இட்டனர். படிக்கப் புகின் தலை கனத்தது. வாளா கிடப்பின் பொழுது நகரவில்லை. அப்பொழுது என் கண்ணிற் பட்டது, தாழ்வாரத்துச் சுவரிற் சாய்ந்து நின்ற என் சைக்கிளே. அதனருகே அமர்ந்து நான்கு நாட்களிற் கற்ற பாடத்தை மாணவ நண்பர்கட்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயைப்பற்றிச் சிறிது கூறுவாம். நீர்க்கோவையை உண்டாக்குவன வைரசு என்னும் நுண்கிருமிகள். அவை இருநூற்றுக்கு மேற்பட்ட வகையின. இங்கிலாந்திலே சாலிஸ்பரி நகரையடுத்து, இந்நோயை ஆராய்தற்கென்றே 1946 ஆம் ஆண்டில் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. நாற்பதாண்டுகட்கு மேலாகப் பல்லாயிரவர் தாமாக முன்வந்து அங்குத் தங்கி, சோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டனர். அங்ஙனமிருந்தும் இந்நோயை வேரறுக்கும் மருந்து கிட்டவில்லை. கஷாயமும் ஆவியும் துன்பத்தைத் தணிப்பனவேயன்றிக் கிருமியைக் கொல்வன அல்ல. ஆயினும் பெரும்பாலோர்க்கு ஏழு முதற் பத்து நாட்களுள் நோய் தானே விலகுகின்றது. என்னை? உடல் தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ளும் இயல்பிற்று. நாம் செய்யற்பாலது அதற்கு இடையூறு செய்யாமையே.

நிற்க. இயந்திரம் அத்தகையதன்று. ஓய்வு கொடுத்தால் உடல் தேறும்; இரும்போ துருவேறும். அதன் பழுதை அறிதற்கும் நீக்குதற்கும் பிறிதொருவர் கையும் கண்ணும் வேண்டும். அக்கையும் கண்ணும் எனக்கு இதுகாறும் இருந்தில என்பதை நாணத்தோடு ஒப்புகின்றேன். மூன்றாண்டுகளாக நாள்தோறும் ஏறிச்சென்ற வண்டியின் அச்சினுள் என்ன உளதென்று யான் அறியேன்.

காய்ச்சல் முற்றும் நீங்கிய பின்னரே வேலையைத் தொடங்கினேன். மண்ணெண்ணெயின் நாற்றம் இருமலை மிகுவிக்குமாதலின், அறைக்குள் அன்றித் திறந்த தாழ்வாரத்திலேயே, அடுப்புக்குத் தொலைவில் இருந்துகொண்டேன். களைப்புத் தோன்றியவுடன் நிறுத்தி, கை கழுவிப் படுத்துக்கொள்வேன்.

முதல் நாள் முன்சக்கரத்தின் அச்சைக் கழற்றினேன். பக்கத்திற்குப் பத்தாக இருபது சிறு எஃகுக் குண்டுகள் கருகிய கிரீஸிற் புதைந்து கிடந்தன. மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்தபோது அவை முத்துப்போல ஒளிர்ந்தன. நம் உடற்பாரம் முழுவதும் இத்துணைச் சிறு குண்டுகளின்மேல் உருண்டு செல்கின்றதென்பது வியப்பன்றோ? புதிய கிரீஸ் இட்டு அவற்றை அடுக்கி, கோன் என்று தொழிலாளர் வழங்கும் கூம்பு மரையைத் திருகினேன். மிக இறுக்கினாற் சக்கரம் முரண்டும். மிகத் தளர்த்தினால் ஆடும். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைக் காண ஓர் எளிய சோதனை உண்டு. சக்கரத்தை நிலத்தினின்றும் தூக்கி, காற்றடைக்கும் வால்டியூப் பக்கவாட்டில் நிற்குமாறு வைத்துக் கையை விடுக. அதன் சிறு பாரத்தாலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, வால்டியூப் அடியில் வந்து நிற்குமாயின் அச்சுச் செவ்விதாய் அமைந்ததென்க.

இரண்டாம் நாள் செயினை ஆராய்ந்தேன். இன்று நாம் காணும் உருளையமைந்த செயினை மான்செஸ்டர் நகரிலே ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880 இல் அமைத்தார். இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாகப் பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் ரோவர் வண்டியை 1885 இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்தளித்தார். 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரை அமைத்தார். இன்றைய சைக்கிளின் வடிவம் அந்நாளிலேயே நிலைபெற்றுவிட்டது. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைத்தூரம் அரை அங்குலம். எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் அளத்தல் வேண்டும். என் செயின் 12 அங்குலத்திற்கு மேல் அரைக்கால் அங்குலம் மிகுந்திருந்தது. செயின் நீண்டுவிட்டதென்பர், உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு முளையும் அதன் குழலும் மணலால் அராவப்பெற்றுச் சிறிதுசிறிதாகத் தேய்தலே அதற்குக் காரணம். இந்நிலையிலுள்ள செயின் பற்சக்கரத்தையும் கெடுக்கும். ஆதலின் புதியது ஒன்று வாங்கிவரச் செய்தேன்.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அன்று மாலை என் இளவல் வந்து, “அண்ணா, நீங்கள் படுத்திருக்கின்றீர்களே, நாளைக்கு வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா?” என்று கேட்டனன். அவன் செல்லும் வழியில் இரயில் பாலத்தின் நெடிய இறக்கம் உளது. இசைந்தேன். அவன் அகன்றபின், கொடுக்கும் பொருளை ஒருமுறை பார்த்துக் கொடுப்போமென்று பிரேக்கின் அருகே விளக்கைப் பிடித்தேன்.

முன்சக்கரத்தின் ஒரு பிரேக் கட்டை தன் கூட்டினின்றும் பாதி வெளியே நழுவியிருந்தது! அக்கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது சக்கரம் கட்டையைத் தன் சுழற்சித் திசையிலே ஈர்க்குமாதலின், மூடிய முனை அத்திசையில் இருத்தல் இன்றியமையாதது. மாறியிருப்பின், பிரேக்கைப் பிடிக்குந்தோறும் கட்டை வெளியே தள்ளப்படும். இறுதியிற் கழன்று வீழும். இதனை மாற்றிப் பூட்டியவர் யாவர்? இரண்டு திங்களுக்கு முன்னர், கடைக்குச் செல்லும் காசையும் காலத்தையும் மிச்சப்படுத்துவதாக எண்ணி, அவசரத்திற் பூட்டியவன் யானே. அன்றிரவே கூட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, நான்கு கட்டைகளையும் இழுத்துப் பார்த்தேன். மறுநாட் காலை, இளவலை நம் தெருவிலேயே இருமுறை ஓட்டி நிறுத்திக் காட்டச் செய்த பின்னரே அனுப்பினேன். நடந்ததை அவனிடம் மறைத்திலேன்.

நண்பர்காள்! நோயுற்ற உடலைப் பொறுமையாலும் நோயுற்ற இயந்திரத்தைக் கையாலும் பேணுதல் வேண்டும். முன்னதிற் கை நீட்டுவதும், பின்னதிற் பொறுமை காட்டுவதும் பிழை. நம் பிழையைத் தான் திருத்திக்கொள்ளும் ஆற்றல் இரும்புக்கு இல்லை. அது நம் பிழையை அங்ஙனமே வைத்துக் காத்திருந்து, ஒருநாள் வேறொருவர்மீது இறக்கிவிடுகின்றது. ஆதலின், நோய் வருங்காறும் காத்திராமல், திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரு மணி நேரம் உங்கள் வண்டியருகே அமர்மின். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுமின், செயினை அளமின், பிரேக் கட்டையை விரலால் இழுத்துப் பார்மின். அவ்வண்டியில் நாளை ஏறுவோர் நீவிர் மட்டும் அல்லீர்.